வரைபடத்தில் மரங்களையும் காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நிலாவெளிப் பக்கம் புதிது புதிதாக ஹோட்டல்கள் எழும்புகின்றன. ஸ்பா, நீச்சல் குளம், தோட்டம் என்று பதாகைகளில் பச்சைப் பசேலென்று படம் போட்டிருக்கிறார்கள். ஆனால் வேலை தொடங்கும் அன்று முதலில் வந்து நிற்பது மண் தோண்டும் பெக்கோ இயந்திரம்தான். எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த வளவில் இரண்டே நாளில் பனைகளும் ஒரு பெரிய புளியும் போயின, பின்னாலிருந்த பள்ளத்துக்குக் கிரவல் கொட்டி மட்டப்படுத்தினார்கள், அப்புறம் லொறியில் புல் வந்து இறங்கியது. அந்தப் பள்ளத்தில்தான் மாரித் தண்ணீர் போய் நிற்கும். போன மாரிக்கு அது எங்கள் கிணற்றடி வரைக்கும் வந்துவிட்டது.

ஹோட்டலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைக்கிறது, எனக்கும் கட்டிட வரைபடம் கீறுவதுதான் தொழில்.

தம்புள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் கண்டலம ஹோட்டலை ஒருமுறை போய்ப் பாருங்கள். முதலில் சீகிரியாக் குன்றின் அடியில் கட்டத்தான் யோசித்தார்கள். கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாதான் அது வேண்டாம் என்று, தூரத் தள்ளி, கண்டலமக் குளத்துக்கு மேலே ஒரு பாறைச் சரிவைத் தெரிந்தெடுத்தார். குளம் பாழாகிவிடும் என்று அப்போது பிக்குகளும் சூழல் ஆர்வலர்களும் கடுமையாக எதிர்த்தார்கள், அது நியாயமான கவலைதான். 1994இல் திறந்த அந்தக் கட்டிடம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளம், பாறையை ஒட்டியே வளைந்து போகிறது. தூண்களில் நிற்பதால் பாறையிலிருந்து வழியும் மழைத் தண்ணீர் அடியால் ஓடிவிடும். கூரையில் தோட்டம், முகப்பு முழுக்கக் கொடி. உள்ளே நடந்து போகும்போது ஒரு பக்கம் அறைக் கதவுகள், மறுபக்கம் கையெட்டும் தூரத்தில் கரும்பாறை. நான் போனபோது அதில் பாசி படிந்து ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

பாறையையும் தண்ணீர் போகும் வழியையும் விட்டுவிட்டுத்தான் அங்கே அறைகளுக்கு இடம் பார்த்திருக்கிறார்கள். எங்களிடம் வருகிறவர்கள் அறை எத்தனை வரும், வாகனம் எத்தனை விடலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள், மிஞ்சுகிற மூலையில் தோட்டம் போடலாம் என்கிறார்கள். ஸ்பாவுக்கு வருகிற ஆள் தேடுவதே நிழலையும் அமைதியையும்தானே? அந்தப் புளியின் கீழே இரண்டு அறை கட்டியிருந்தால் ஏசிகூடப் பெரிதாக ஓடியிருக்காது. இப்போது வெயிலில் கன்று நட்டிருக்கிறார்கள், அது நிழல் தர எத்தனை வருடம் போகுமோ.

பிரதேச சபைக்கு என் கோரிக்கை இதுதான். ஹோட்டலுக்கு அனுமதி கேட்டு வருகிறவர்களிடம், காணியில் நிற்கும் பெரிய மரங்களையும் மாரித் தண்ணீர் ஓடும் வழியையும் அளந்து குறித்த ஒரு படத்தையும் சேர்த்துக் கேளுங்கள். நில அளவையாளர் எப்படியும் காணிக்கு வரத்தான் போகிறார், அதே கையோடு இதையும் குறித்துவிடலாம். அந்தப் படம் கைக்கு வரும்வரை பெக்கோவை உள்ளே விடாதீர்கள்.

படவரைஞர் ஒருவர்,
நிலாவெளி