வெறுங்காலோடு மலை ஏறினால் மட்டும் போதாது, தம்பி

இயேசு மரி சூசை துணை

பலேர்மோ,
தவக்காலம், இரண்டாம் கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இத்தாலிக்கு வந்தவுடன் இந்தப் பலேர்மோ நகரத்தின் பாதுகாவலியான புனிதை சாந்தா ரொசாலியாவின் மலையில் வெறுங்காலோடு ஏறி, இத்தனை வருசம் கோயிலை விட்டு நின்றதையெல்லாம் சரிக்கட்டப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வா, ஏறு, அக்காவும் கூட வருவேன். ஆனால் மலை ஏறுவது நேர்த்திக்கடன். மனந்திரும்புவது வேறு அலுவல். இங்கே வந்த எங்கள் ஆட்கள் நிறையப் பேர் தடுமாறுகிற இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் மலையைப் பற்றிச் சொல்கிறேன். மொந்தே பெல்லெக்ரீனோ என்று பெயர், 600 மீற்றர் அளவு உயரம், நகரத்தின் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் தெரியும். புனிதையின் கோயில் குகைக்குள் இருக்கிறது. கூரைப் பாறையிலிருந்து ஒழுகும் தண்ணீரைத் தகரப் பீலிகள் கட்டி ஏந்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போனால் ஊரில் மடு மாதா கோயிலில் நிற்பதுபோல இருக்கும். வேதக்காரர் (கிறிஸ்தவர்), சைவக்காரர் என்று பார்க்காமல் எங்கள் சனம் வந்து மெழுகுதிரி கொளுத்துகிறது. செப்டம்பர் 4ஆம் திகதித் திருநாளுக்கு முதல்நாள் இரவே ஊரே ஏறும், வெறுங்காலோடும் ஏறுவார்கள்.

1624இல் இந்த நகரத்தில் கொள்ளைநோய் வந்து சனம் செத்துக்கொண்டிருந்தபோது அந்தக் குகையில்தான் புனிதையின் எலும்புகள் கிடைத்தன. அவை அவருடையவைதானா என்று பெரியவர்களுக்குச் சந்தேகம். அடுத்த வருசம், மனைவியை நோய்க்குப் பறிகொடுத்த பொனெல்லி என்ற சவர்க்காரம் காய்ச்சும் மனிதன் மலையில் புனிதையைக் கண்டான். அவனும் நோயில் விழுந்தான். சாகும் முன் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்க வந்த குருவானவரிடம், எங்கள் பேச்சில் சுவாமியிடம்தான் கண்டதைச் சொன்னான். அதை நம்பி எலும்புகளைச் சுற்றுப்பிரகாரமாகக் கொண்டுபோக, நோய் தணிந்தது. இந்த ஊர்க்காரர் வழிவழியாகச் சொல்லி வருவது இப்படி. மலைக்குப் போனவனும் கடைசியில் சுவாமியிடம் வாய் திறந்துதான் செத்தான். நான் சொல்ல வருவதும் அதுதான்.

பாவசங்கீர்த்தனத்தில் எங்கள் பக்கத்து வேலை மூன்று: மனஸ்தாபம் (செய்த பாவத்துக்காக மனம் வருந்துதல்), வாயால் அறிக்கையிடுதல், பரிகாரம். அதன்மேல் சுவாமி பாவமன்னிப்புக் கொடுப்பார். மனஸ்தாபம் இல்லையென்றால் மற்றது எல்லாம் வெறும் கதை. அழுகை வரவேண்டும் என்று கட்டாயமில்லை. கடவுளை நோகச் செய்துவிட்டேன், இனிச் செய்யமாட்டேன் என்ற தீர்மானம் இருந்தால் போதும். நரகத்துக்குப் பயந்து மட்டும் வருகிற துக்கத்தையும் திருச்சபை தள்ளிவிடவில்லை. அது குறைந்த மனஸ்தாபம், ஆனாலும் சுவாமியிடம் போவதற்குப் போதுமானது.

போகிற நாளுக்கு முதல்நாள் இரவு அரைமணித்தியாலம் தனியாக இரு. பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக எடு. சாவான பாவங்களை, அதாவது கனமான பாவங்களை, என்ன பாவம், எத்தனை தடவை என்று இரண்டும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது 16ஆம் நூற்றாண்டில் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் வகுத்தது. நீண்டகாலம் விட்டவனுக்கு எண்ணிக்கை எப்படி ஞாபகம் இருக்கும் என்று பயப்படாதே. 'ஏறக்குறைய கிழமைக்கு ஒருக்கா, ஐந்தாறு வருசமாக' என்று சொன்னால் சரி. சந்தர்ப்பம் பாவத்தின் தன்மையை மாற்றினால் அதையும் சொல். களவு ஒன்று, கோயில் உண்டியலில் களவு வேறொன்று. மறந்துபோனது மற்றதோடு சேர்ந்து மன்னிக்கப்பட்டுவிடும், ஞாபகம் வந்தால் அடுத்தமுறை சொல்லிவிடு. வெட்கத்தில் வேண்டுமென்றே ஒன்றை ஒளித்தால்தான் ஆபத்து. அப்போது முழுப் பாவசங்கீர்த்தனமும் செல்லாது. பிறகு ஒளித்ததை மட்டும் சொல்லித் தப்ப முடியாது, அந்த முறை சொன்ன சாவான பாவங்கள் எல்லாவற்றையும் திரும்பச் சொல்லவேண்டும்.

துண்டில் எழுதிக்கொண்டுபோய் வாசிக்கலாம். முடிந்ததும் கிழித்து எரித்துவிடு.

இங்கத்தைய பழைய கோயில்களில் பாவசங்கீர்த்தனத் தொட்டி பெரிய மரப்பெட்டி. நடுவில் சுவாமி இருப்பார், இரண்டு பக்கமும் முழந்தாளிடப் பலகை, முகத்துக்கு நேரே துளையிட்ட தகடு, அதன் பின்னால் இழுத்து மூடுகிற சின்னக் கதவு. மற்றப் பக்கத்தில் ஆள் இருக்கும்போது உன் பக்கக் கதவு மூடியிருக்கும். அது திறக்கிற சத்தம் கேட்கும் மட்டும் பேசாமல் இரு. புதிதாக வருகிறவர்கள் மூடிய கதவுக்கே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். உள்ளே விளக்கு எரிந்தால் சுவாமி இருக்கிறார் என்று அர்த்தம். பூசைக்கு முந்திய அரைமணித்தியாலமும் சனி பின்னேரமும் பல பங்குகளில் வழக்கமான நேரம். கோயில் வாசலில் நேரம் ஒட்டியிருப்பார்கள். யாரையும் காணாவிட்டால் சக்கிறீஸ்துக்கு (சுவாமி பூசை உடுப்பு மாற்றும் அறைக்கு) போய் 'பொஸ்ஸோ கொன்ஃபெஸ்ஸார்மி?' (பாவசங்கீர்த்தனம் செய்யலாமா?) என்று கேள், சுவாமி எழும்பி வருவார்.

பாசையை நினைத்துத்தான் எங்கள் ஆட்கள் பின்வாங்குகிறார்கள். 'நொன் பார்லோ பெனே இத்தாலியானோ' (எனக்கு இத்தாலிய மொழி நன்றாகப் பேச வராது) என்று முதலிலேயே சொல்லிவிடு. பிறகு எவ்வளவு காலமாக வரவில்லை என்று சொல்: 'நொன் மி கொன்ஃபெஸ்ஸோ தா தியேச்சி அன்னி', பத்து வருசம் என்றால். மனஸ்தாப மந்திரம் தமிழில் சொன்னாலும் குறையில்லை, மனம் உன்னுடையதுதானே. இத்தாலிய மொழியில் சொல்ல விரும்பினால் சடங்கு நூலிலேயே கட்டையான ஒன்று உண்டு: 'சிஞ்ஞோரே ஜேசு, ஃபில்யோ தி தியோ, அப்பி பியெத்தா தி மெ பெக்கத்தோரே' (ஆண்டவராகிய இயேசுவே, கடவுளின் மகனே, பாவியான என்மேல் இரக்கம் வையும்). சுவாமி சொல்வதில் 'இயோ தி அஸ்ஸோல்வோ' என்பதைக் கவனித்துக் கேள், அதுதான் மன்னிப்பு. ஆமென் சொல்லும் மட்டும் எழும்பாதே. பாதியில் எழும்பி ஓடுகிறவர்களும் உண்டு.

மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்தும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். திருச்சபைச் சட்டம் 990 அதற்கு இடம் கொடுக்கிறது. அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆனால் கட்டாயமில்லை, அதனால் சொந்தக்காரரைக் கூட்டிப்போகாதே. தமிழ்ச் சுவாமியிடம் போக வெட்கமாக இருந்தால் இத்தாலியச் சுவாமியிடம் போ. யாரிடம் போவது என்பது உன் சுதந்திரம், எவரும் கேள்வி கேட்க முடியாது. கேட்டதை வெளியே சொல்லிவிடுவாரோ என்ற பயம் வேண்டாம். பாவசங்கீர்த்தன முத்திரையை நேரடியாக உடைக்கும் குரு அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாகிறார். அதை நீக்கும் அதிகாரம் பரிசுத்த பீடத்துக்கு மட்டும்தான்.

ஊரிலுள்ள பங்குச் சுவாமியிடம் வாட்ஸ்அப்பில் சொன்னால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். செல்லாது. ஆலோசனை கேட்கலாம், செபிக்கச் சொல்லலாம், மன்னிப்புப் பெறமுடியாது. இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று வத்திக்கான் 2002இலேயே எழுதிவிட்டது. சுவாமி கிடைக்கவே மாட்டார் என்ற நிலையில், கடவுள்மேல் வைத்த அன்பினால் வரும் உத்தம மனஸ்தாபமும், வாய்ப்புக் கிடைத்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற தீர்மானமும் சாவான பாவத்தையும் போக்கும். 2020இல் நோய்க்காலத்தில் ரோமாபுரி இதைத் திரும்ப நினைவூட்டியது. கூப்பிடு தூரத்தில் சுவாமி இருக்கிறவனுக்கு அந்தச் சாட்டு இல்லை.

இனி நீ கட்டாமல் விட்ட சீட்டுக் காசு. இதில் நான் உன்னோடு கண்டிப்பாகத்தான் கதைக்கவேண்டும். சீட்டை முதலிலேயே எடுத்துவிட்டு மிச்ச மாதங்களைக் கட்டாமல் விடுவது ஏழாம் கட்டளைக்கு விரோதமான பாவம். சுவாமி பாவத்தை மன்னிப்பார், கடனை மன்னிக்க அவருக்கு அதிகாரமில்லை. அது தாச்சிக்கும் (சீட்டு நடத்துகிறவருக்கும்) சீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் சேரவேண்டிய காசு. திருப்பிக் கொடுக்கும் மனமில்லாமல் போனால் மனஸ்தாபமே இல்லை. ஒரேயடியாக முடியாவிட்டால் மாதாமாதம் கொடு. முகம் காட்ட வெட்கமென்றால் வேறொருவர் மூலம் கொடுக்கலாம். காசுக்குரியவர் செத்திருந்தால் பிள்ளைகளுக்குக் கொடு. உரியவர் யாரென்றே கண்டுபிடிக்க முடியாதபோதுதான் ஏழைகளுக்குக் கொடுக்கலாம். உரியவர் உயிரோடு இருக்க, அந்தக் காசில் கோயிலுக்குச் சுருவம் வாங்கிக் கொடுப்பது பரிகாரமாகாது. இங்கே அப்படிச் செய்து மனதைச் சமாதானப்படுத்துகிறவர்களைப் பார்க்க எனக்கு நெஞ்சு நோகிறது. சக்கேயு ஏமாற்றியவர்களுக்கு நாலுமடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னதை நினை. ஒருவரைப்பற்றி இல்லாததைச் சொல்லிப் பேரைக் கெடுத்திருந்தாலும் அப்படித்தான். யாரிடம் சொன்னாயோ அவர்களிடமே போய்த் திருத்தவேண்டும்.

ஞாயிறு பூசையை எடுத்துக்கொள். வீட்டு வேலைக்கும் வயோதிபரைப் பராமரிக்கவும் வந்தவர்களுக்கு ஞாயிறு லீவு கிடைப்பது கஷ்டம். வேலை விடாமல் தவறினால், வருத்தமாய்க் கிடந்து தவறினால், அது பாவமில்லை. அதைப் பாவமென்று சுமந்து திரியாதே. சனி பின்னேரப் பூசையும் ஞாயிறு கடனுக்குச் சேரும், இங்கே அனேகமாக எல்லாப் பங்கிலும் அது உண்டு. சனியும் போகலாம், ஞாயிறும் போகலாம் என்று இருந்தும் படுத்துக்கிடந்ததைத்தான் சொல்லவேண்டும். எல்லோரும் வரிசையில் எழும்புகிறார்களே என்று பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை (நற்கருணை) வாங்கப் போகாதே. உன் இடத்திலேயே இருந்து செபித்தால் போதும், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

உள்ளே போனபின் மனைவியின் குற்றத்தையோ மாமியின் குற்றத்தையோ சொல்லாதே. உன்னுடையதை மட்டும், கட்டையாகச் சொல். சுவாமி தந்த அபராதத்தை (பரிகாரமாகச் செய்யச் சொன்னதை) அன்றைக்கே செய்துவிடு. செய்யமுடியாத அபராதம் என்றால் அங்கேயே சொல், மாற்றித் தருவார்.

திரும்ப விழுவது பெரும்பாலும் பழைய இடத்துக்கே போவதால்தான். இங்கே பஸ் டிக்கெட் விற்கிற தபாக்கி (புகையிலை) கடையிலேயே சுரண்டும் லொத்தர் சீட்டும் தொங்குகிறது. சூதை விட்டவன் அந்தக் கடைக்குப் போகாமல் டிக்கெட்டைப் போனிலேயே எடுக்கலாம். பாவச் சமயத்தை விலக்கு என்று ஞானோபதேசத்தில் படித்தது இதுதான். விழுந்தால் பாஸ்குவரை (உயிர்ப்புத் திருநாள்வரை) காத்திராமல் அந்தக் கிழமையே போ. வருசத்துக்கு ஒருக்கா என்பது திருச்சபை விதித்த ஆகக் குறைந்த அளவு. மாதத்துக்கு ஒருக்கா, முடிந்தால் ஒரே சுவாமியிடம் போவது நல்லது. அவருக்கு உன் பலவீனம் விளங்கும்.

விசா வரும் மட்டும் இதை ஒத்திவைக்காதே. பாஸ்குவுக்கு முந்திய பெரிய கிழமையில் எல்லாக் கோயிலிலும் வரிசை நீளும், சுவாமிமாருக்கும் நிதானமாகக் கேட்க நேரமிராது. இந்தக் கிழமையே ஒரு வேலைநாளில் காலைப் பூசை முடிந்தபின் போ. உங்கள் பங்குச் சுவாமியிடம் வேண்டாமென்றால் பக்கத்துப் பங்குக்குப் போ. தாச்சியிடம் மாதம் எவ்வளவு தருவாய் என்று பேசி, தொகையை எனக்கு எழுது. முதல் இரண்டு மாதம் குறைந்தால் அக்கா பார்த்துக்கொள்கிறேன், மிச்சம் உன் உழைப்பிலிருந்துதான் வரவேண்டும். அம்மாவின் கண் மருந்துக்குத் தனியாகக் காசு அனுப்பியிருக்கிறேன், அதில் கைவைக்காதே.

அன்புடன்,
அக்கா