ஃப்யூயல் செல் பற்றி நீ கேட்டதற்கு

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா ஆபரேஷன் முடிந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே அனைவரும் நலம். பெரியவள் ப்ளஸ் டூ என்பதால் டிவிக்கு விடுமுறை. நான் வழக்கம்போல தினமும் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய்ப் பாடம் நடத்திவிட்டு வருகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வினைபுரிய வைத்து மின்சாரம் தரும் ஃப்யூயல் செல்லைக் கம்ப்யூட்டரில் மாடல் பண்ண என்ன இருக்கிறது, ஒரு சமன்பாட்டைப் போட்டால் வோல்டேஜ் வந்துவிடாதா என்று கேட்டிருந்தாய். லோடு மாறாதவரை வந்துவிடும். 25 டிகிரியில் கணக்குப்படி 1.23 வோல்ட். கரண்ட் எடுக்க ஆரம்பித்ததும் வினையூக்கியான பிளாட்டினத்தின் மேல் வினை நடப்பதற்கு ஓர் இழப்பு, நடுவில் புரோட்டானைக் கடக்க விடும் சவ்வின் மின்தடைக்கு ஓர் இழப்பு, கரண்ட் மிகவும் கூடினால் ஆக்சிஜன் போதிய அளவு போய்ச் சேராத இழப்பு, எல்லாம் போகக் கையில் நிற்பது 0.6, 0.7 வோல்ட். கரண்ட் கூடக் கூட வோல்டேஜ் இறங்கும் இந்த வளைகோட்டை வரைந்து, அளந்த புள்ளிகள் அதன் மேல் உட்கார்ந்துவிட்டால் மாடல் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. சவ்வின் தடையைக் கொஞ்சம் கூட்டி, வினையின் வேகத்தையும் கொஞ்சம் கூட்டினாலும் கிட்டத்தட்ட அதே கோடு வந்துவிடும். எது நிஜம் என்று அந்தக் கோடு சொல்லாது.

நிலைமையை மாற்றிப் பார்த்தால்தான் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் செல்லில் கரண்டைத் திடீரென்று இரண்டு மடங்காக்கு. வோல்டேஜ் சட்டென்று சரிந்து, கடைசியில் நிற்க வேண்டிய அளவுக்கும் கீழே போய், அப்புறம் மெல்ல ஏறி வரும். ஹைட்ரஜன் சிலிண்டரிலிருந்து அழுத்தத்தோடு வருவதால் அந்தப் பக்கம் பெரிய தாமதம் இல்லை, ஆனால் காற்றை கம்ப்ரஸர்தான் தள்ள வேண்டும், அது வேகம் பிடிக்க நேரம் எடுக்கும், அதற்கான மின்சாரத்தையும் இதே செல் அடுக்குதான் கொடுக்க வேண்டும், ஆக அதிகம் கேட்கும் அந்த நொடியில்தான் வினையூக்கிக்கு ஆக்சிஜன் குறைகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அன்னா ஸ்டெஃபனோபூலுவின் குழு 2000-களின் தொடக்கத்தில் இதைத்தான் கம்ப்ரஸரையும் சேர்த்து மாடல் பண்ணிக் காட்டியது. தேவையைப்போல இரண்டு மடங்கு காற்றை அனுப்பி வைப்பது வழக்கமானதும் இந்தப் பயத்தில்தான்.

அதோடு முடியவில்லை. மின்னூட்டம் சீராவது மில்லி நொடிகளில், காற்று சீராவது ஓரிரு நொடியில், சவ்வின் ஈரம் பத்திருபது நொடிக்கு மேல், சூடு சில நிமிடம். இவை எல்லாம் ஒரே மாடலுக்குள் இருப்பதால் சமன்பாடுகளைத் தீர்க்கும் சாதாரண நிரல் (சால்வர்) வேகமானதைப் பிடிக்கச் சின்னச் சின்ன அடியாக வைத்து, சூடு ஏறுவதற்குள் கம்ப்யூட்டரையே தூங்க வைத்துவிடும். பெரிய அடி வைத்தாலும் தடுமாறாத, அதற்கென்றே இருக்கும் இம்ப்ளிசிட் சால்வர்களைப் போட வேண்டும்.

தண்ணீர்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. செல்லே தண்ணீர் செய்கிறது: 100 ஆம்பியர் எடுத்தால் ஒரு செல்லில் மணிக்கு சுமார் 34 கிராம். சவ்வு ஈரமாக இருந்தால்தான் புரோட்டான் கடக்கும், தண்ணீர் தேங்கினால் ஆக்சிஜனுக்கு வழி அடைபடும். இப்போது நம்ம ஊர்க் காற்றை எடுத்துக்கொள். 35 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம், சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். அதே காற்றை அழுத்தம் ஏற்றாமல் 80 டிகிரியில் ஓடும் செல்லுக்குள் விட்டால் அதன் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே! நமக்குப் புழுக்கம், சவ்வுக்கு வறட்சி. மாணவர்கள் யாரும் முதலில் நம்புவதில்லை, ஆவியழுத்த அட்டவணையைத் திறந்து அவர்களையே கணக்குப் போட வைப்பேன்.

சவ்வின் ஈரத்துக்கும் கடத்துதிறனுக்கும் உள்ள உறவை 1991-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஸ்பிரிங்கரும் உடன் பணியாற்றியவர்களும் அளந்து கொடுத்தார்கள். அருமையான வேலை. ஆனால் அவர்கள் அளந்தது கிட்டத்தட்ட 0.18 மில்லிமீட்டர் தடிமனுள்ள நாஃபியான் 117 என்ற சவ்வு, இன்றைய ஃப்யூயல் செல் வண்டிகளில் இருப்பது 20 மைக்ரானுக்கும் (0.02 மில்லிமீட்டர்) குறைவு. அதே எண்களை யோசிக்காமல் எடுத்துப் போடுவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இஸ்ரோ 2024 ஜனவரி 1-இல் ஏவிய பிஎஸ்எல்வி சி58 ராக்கெட்டின் கடைசி அடுக்கில் வைத்து 100 வாட் வகை செல்லைச் சோதித்ததே, அதில் ஆக்சிஜனையும் கூடவே எடுத்துப்போனார்கள், கம்ப்ரஸர் தொல்லை கிடையாது. நாளைக்கு நம்ம துறைமுகத்துப் படகில் வைத்தால் காற்றோடு உப்பும் வரும். சோடியம் சவ்வில் புரோட்டானின் இடத்தைப் பிடிக்கும், குளோரைடு பிளாட்டினத்தைக் கெடுக்கும். கடலோரத்துக்கான மாடலில் இதற்கு ஓர் இடம் இருந்தே ஆக வேண்டும் என்று இந்த வருஷம் ப்ராஜெக்ட் பசங்களிடம் பிடிவாதமாகச் சொல்லியிருக்கிறேன்.

உன்னால் ஓர் உதவி ஆக வேண்டும். உங்கள் பட்டறையில் ப்ளோயர்களை டெஸ்ட் பண்ணும்போது சுவிட்ச் போட்ட கணத்திலிருந்து முழு வேகம் பிடிக்கும்வரை வேகத்தையும் கரண்டையும் பதிவு பண்ணுவீர்கள் அல்லவா, அதில் சின்ன மோட்டார் ஒன்றின் பதிவை எனக்கு அனுப்பு, கம்ப்ரஸர் வேகம் பிடிப்பதை மாடல் பண்ண உதவும். நூறு நொடி வேண்டாம், முதல் ஐந்து நொடி போதும், ஆனால் இடைவெளி நெருக்கமாக இருக்கட்டும். பொங்கலுக்கு வந்தால் நேரிலேயே ஓட்டிக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்மேட்