வடிதாளில் பாதியை வைத்திருங்கள்: நன்னீர் மீன் ஆய்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அழியும் நிலையில் இருக்கும் நன்னீர் மீன்களைத் தேடி ஆறு ஆறாக அலையும் நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களைப் போல ஆற்று நீரை வடிகட்டும் வேலையில்தான் இருக்கிறேன். புதுக் கையுறை மாட்டி, இரண்டு லிட்டர் தண்ணீர் 0.45 மைக்ரான் துளைகள் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை காத்திருந்து, பழுப்பேறிய வடிதாளை இடுக்கியால் மடித்துக் குப்பிக்குள் போடும்போது இன்றும் எனக்குப் படபடப்புதான். மீன் கண்ணிலேயே படவில்லை. ஆனால் அது உதிர்த்த கோழையும் கழிவும் செதில் துகளும், அவற்றோடு அதன் டிஎன்ஏவும் அந்தத் தாளில் இருக்கலாம்.

அப்புறம் நாம் என்ன செய்கிறோம்? அந்த இனம் 'இருக்கிறது', 'இல்லை' என்று ஒரு வரி பதில் வாங்கி அறிக்கை எழுதுகிறோம். தாளிலிருந்து பிரித்தெடுத்ததில் மிச்சமிருக்கும் டிஎன்ஏ கரைசலை, ஃப்ரீசரில் இடமில்லை என்று கொட்டிவிடுகிறோம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மூன்று வருட மாதிரிகள் இப்படித்தான் போயின. அவற்றில் சில எடுக்கப்பட்ட ஓடை பிறகு வற்றிவிட்டது. அங்கே வாழ்ந்த மீன்கள் எந்த மரபுக் கிளை (ஒரே இனத்துக்குள் தனித்து வளர்ந்த பரம்பரை) என்று இனி தெரிந்துகொள்ள வழியே இல்லை. இதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

2008இல் பிரான்ஸின் குளங்களில் அமெரிக்கக் காளைத்தவளையை வெறும் தண்ணீரை வைத்தே கண்டறிந்தபோது, 'இருக்கிறதா' என்பதே பெரிய கேள்வி. 2016இல் கத்தார் கடலில் திமிங்கலச் சுறாக்கள் கூடும் இடத்து நீரிலிருந்து, அவற்றின் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் தனி டிஎன்ஏ கொண்ட சிறு உறுப்பு) டிஎன்ஏ வகைகள் எந்தெந்த விகிதத்தில் உள்ளன என்றே சொல்ல முடிந்தது. சுறாக்களின் திசு மாதிரிகளோடு அது நெருங்கி ஒத்துப்போனது. கடலில் முடிந்ததை ஆற்றில் நாம் ஏன் முயலக் கூடாது? மதிப்பிடப்பட்ட நன்னீர் மீன் இனங்களில் 25 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாக 2023இல் ஐயுசிஎன் (இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம்) அறிவித்தது. இவற்றில் பலவற்றை வலைபோட்டுப் பிடிப்பதுகூட அவற்றுக்குத் தொல்லைதான்.

பண்ணைக் குஞ்சுகளை ஆற்றில் விடுவதற்கு முன்பு, அங்குள்ள மரபுக் கிளையை இப்படி அறிவது மிகவும் அவசியம். ஓர் ஓடையில் பல தலைமுறையாகத் தனித்திருந்த கிளையோடு வேறு ஆற்றுக் குஞ்சுகள் கலந்துவிட்டால், பிரித்தெடுக்க முடியாது. எனவே இனத்தை மட்டும் காட்டும் குட்டை டிஎன்ஏ துண்டோடு நிற்காமல், மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் வேறுபாடுகள் அதிகமுள்ள 'கட்டுப்பாட்டுப் பகுதி' என்ற பகுதியையும் படியுங்கள்.

சரி, வரம்புகளும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவதால், கலப்பின மீனும் தாயின் இனமாகவே தெரியும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏ நீரில் குறைவு. பல மீன்களுடையது கலந்தும் கிடக்கும். பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) பிழை ஒன்று அரிய வகைபோல வேடம் போடும். ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காமல் 'புது வகை' என்று எழுதிவிடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சில மீன்களின் துடுப்பு நுனியாவது வேண்டும். உயிருடன் விட்டுவிடும் அந்தச் சில மீன்கள் போதும்.

அடுத்த முறை வடிதாளை எடுத்ததும் பாதியாக வெட்டுங்கள். ஒரு பாதி இன்றைய சோதனைக்கு. மறு பாதியைத் தனிக் குப்பியில் போட்டு, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். குப்பியின் மேல் இடம், தேதி, நீரின் வெப்பநிலை மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும்.

அன்புடன்,
ஆற்று நீர் வடிகட்டும் ஒரு சக பணியாளர்