கயிற்றில் உன் இடம்

அன்புள்ள மகனுக்கு,

ஜூன் 24 அன்று, நம் மலையின் காட்டு ஒட்டக இனமான விகூன்யாக்களை வளைத்துப் பிடித்து உரோமம் கத்தரிக்கும் சக்குவுக்கு நீ வருவாய் என்று உன் அம்மா எதிர்பார்த்திருந்தாள். சரக்கு ஏற்றும் வேலை வந்திருக்கும் என்று நான்தான் சமாதானம் சொன்னேன். வண்ணத்துணி கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊரே வளைத்து நடக்க, விகூன்யாக் கூட்டங்கள் பெருவின் இந்தப் பம்பா கலேராஸ் மேட்டுநிலத்தின் மஞ்சள் இச்சுப் புல்லைக் கடந்து வலைக்குள் இறங்கியபோது, எனக்கும் உன் மாமாவுக்கும் நடுவில் கயிறு தொய்ந்தே கிடந்தது. விலங்கு ஒன்றுக்குச் சுமார் 200 கிராம் உரோமம், பிறகு இரண்டு ஆண்டுக் காத்திருப்பு. இந்தக் கணக்கை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாஸ்காவிலிருந்து புக்கியோவுக்கு ஏறும் சாலையில் நீ இரவில் வண்டி ஓட்டுவதாகக் கேள்விப்பட்டேன். நல்ல பிழைப்புதான், குறை சொல்லவில்லை. 4,000 மீட்டர் உயரத்தில் உறைபனி தாரின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படியும் மாதங்கள் இவை. நிதானமாக ஓட்டு, பம்பாவில் மட்டும் இரவில் வண்டியை நிறுத்தாதே.

போன வாரம் சாலையோரத்தில் மூன்று விகூன்யாக்கள் தோல் உரிக்கப்பட்டுக் கிடந்தன. எனக்கு முன்பே நரி வந்து போயிருந்தது. நண்பகலில் காண்டோர் கழுகுகள் இறங்கின. மார்ச்சில் பிறந்திருக்கக்கூடிய பால்குடிக் குட்டி ஒன்று, தன் கூட்டத்தின் புழுக்கைக் குவியலை விட்டு நகராமல், நான் கைதட்டியும் ஓடாமல் நின்றது. மெத்தென்ற பாதம் உடைய அந்த விலங்குகளின் தடம் மண்ணில் சரியாகப் பதிவதுகூட இல்லை. பக்கத்தில் இரட்டைச் சக்கரத் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. எத்தனையோ வண்டிகளுக்கு இரட்டைச் சக்கரம் உண்டு என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை.

பத்து வயதிலேயே ஆண் விகூன்யாவின் எச்சரிக்கைக் குரலைக் காவலர்களுக்கு முன்பாகக் கேட்டுச் சொன்னவன் நீ. இரவில் அவை மேட்டுச் சரிவில் உறங்கி, வெயில் ஏறியதும் தண்ணீருக்குச் சதுப்புப் புல்வெளியில் இறங்கும் வழிகளை உனக்குக் காட்டியவன் நான். அதுதான் இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் மூட்டை கொடுத்தால், உள்ளே என்ன என்று பிரித்துப் பார்க்காமல் ஏற்றாதே.

அந்த வழிகள் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்டதே இல்லை. 1967இல் பம்பாவில் விகூன்யாக் காப்பகம் ஏற்பட்டபோது காவலுக்குச் சேர்ந்தவர் உன் தாத்தா. 1980களில் கிளர்ச்சியாளர்களின் துப்பாக்கிகளுக்குப் பயந்து காவல் குடில்கள் காலியானதும், அவர் காத்த மந்தையில் விளக்கடித்துக் கண்கூச வைத்துப் பதினொரு விகூன்யாக்களைக் கொன்றவன் நான். இப்போது காப்பகத்துக்குப் பெயராகிவிட்ட பத்திரிகையாளர் பார்பரா தாச்சிலே 1989இல் கொல்லப்பட்ட செய்தியை வானொலி சொன்ன இரவில், எங்கள் கட்டிலுக்கடியில் இரண்டு தோல்கள் இருந்தன. உன் அம்மாவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது, அவள் பள்ளிக்குப் போனது அந்தப் பணத்தில்.

அம்மாவுக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசு. என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை. குட்டி நேற்றும் அங்கேதான் நின்றது. வேறு கூட்டம் எதுவும் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இரவில் பம்பாவில் வண்டியை நிறுத்தாதே. வருவதானால் பகலில் வா.

அப்பா