பிள்ளைகளுக்கு ஒரு வேன்: இன்னும் 16,300 வெள்ளி (ரிங்கிட்) தேவை

பேராக், சுங்கை சிப்புட் வட்டாரப் பெரியோர்களுக்கும், இங்கே பிறந்து வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் செயற்குழுவின் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். சக்கர நாற்காலியோடு ஏற்றி இறக்க வசதியான பழைய வேன் ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். மாதக் கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் வண்டி வேறு கைக்குப் போய்விடும், முன்பணமும் திரும்பாது. அம்மன் கண் திறப்பாள் என்ற நம்பிக்கை எங்களுக்கு உண்டு. ஆனால் வண்டிக்காரர் ரொக்கம்தான் கேட்கிறார்.

பெற்றோரை இழந்த, உடல் குறையோ கற்றல் குறையோ உள்ள 11 பிள்ளைகளுக்காகத்தான் இந்த வேன். 11 பேரும் பாட்டி, அத்தை, பெரியம்மா வீடுகளில் வளர்கிறார்கள்.

கேட்டு வாங்கிப் பழகிய ஊர் இல்லை நம்முடையது. வெள்ளைக்காரத் துரைமார் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, நம் தாத்தாமார் குடியிருந்த லயத்து வீடுகளை விட்டு எங்கே போவது என்று கலங்கி நின்றார்கள். அந்தத் தொழிலாளிகளிடமே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டங்களையே வாங்கிக் காட்டிய முன்னாள் அமைச்சர் துன் வீ.தி.சம்பந்தன் இந்த மண்ணில் பிறந்தவர். அவர் முன்னின்று எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலையில் படித்தவர்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனையோ பேர். பால்மரம் வெட்டிய கையால் பத்து வெள்ளி கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

“ஓர் இல்லம் கட்டி எல்லாரையும் ஒரே இடத்தில் வைக்கலாமே” என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். கட்டடம் என்றால் பளிங்குக் கல்லில் பெயர் வெட்டலாம் என்பதும் ஒரு காரணம், அதை மறைப்பானேன். குழு யோசித்துத்தான் வேண்டாம் என்றது. வாய் பேசாத பிள்ளை முனகினால், அது பசியா வலியா என்று பாட்டிக்குத் தெரியும். ஆள் மாறி மாறி வரும் இடத்தில் அது நடக்காது. சொந்தம் இருக்கிற பிள்ளையை ஏன் பிரிக்க வேண்டும்? பாட்டிக்குக் கை கொடுத்தால் போதும்.

ஆனால் அந்தப் பாட்டியின் பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். படுத்தே இருக்கும் பிள்ளையை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வைக்கும். படுத்த வாக்கில் கஞ்சி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும், நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குக் கை கால்களைத் தினமும் நீட்டி மடக்காவிட்டால் தசை இறுகிக்கொள்ளும். பிள்ளையோ வருடா வருடம் கனத்துக்கொண்டே வருகிறது, தூக்குகிற கைக்கு வயதாகிறது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டை இருந்தால் சமூகநல இலாகாவில் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். 1984-இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் ஆரம்பித்த பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு மையங்கள் இப்போது நாடு முழுக்க உண்டு. 2019-இலிருந்து, குறை உள்ள பிள்ளை என்று சொல்லி எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது கல்வி அமைச்சின் கொள்கை. கதவெல்லாம் திறந்துதான் இருக்கிறது, தோட்டத்திலிருந்து அந்த வாசல் வரை போகத்தான் வண்டி இல்லை. சக்கர நாற்காலியைப் பார்த்ததும் வாடகைக் காரை நிறுத்தாமல் போகிறவர்களும் உண்டு.

கணக்கு இதுதான். வேன் 38,000 வெள்ளி. சரிவுப் பலகையும் நாற்காலியை இறுக்கிக் கட்டும் பெல்ட்டும் 6,500. பெயர் மாற்றம், சாலை வரி, இன்சூரன்ஸ் 2,800. ஆக மொத்தம் 47,300. கையில் இருப்பது 31,000.

அந்த 31,000 சும்மா வந்துவிடவில்லை. தைப்பூசத்தில் முறுக்கும் அதிரசமும் விற்று, சில்லறையை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்த மாதர் பகுதிக்கு முதல் நன்றி. தன் பென்ஷனில் மாதம் தவறாமல் எடுத்து வைக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு நன்றி. சிங்கப்பூரில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே பணம் அனுப்பிய தம்பிகளுக்கும், பெயர் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்ட லோரி ஓட்டுநர் அண்ணனுக்கும் நன்றி. வீட்டுப் படிகளில் சரிவு போட சிமெண்டை இனாமாகத் தந்த சீனக் கடை முதலாளி தவுக்கேயையும், முதுகு பிடிக்காமல் பிள்ளையைத் தூக்குவது எப்படி என்று பாட்டிகளுக்கு வீடு வீடாக வந்து காட்டிய மலாய்த் தாதியையும் மறக்க மாட்டோம். அவர்கள் நம் இனமும் இல்லை, நம் கோயிலும் இல்லை. நாம்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு கல்யாண மேடை அலங்காரத்துக்கு ஆகும் காசுதான் நமக்குக் குறைகிறது. போன பொதுக்கூட்டத்தில் கை தூக்கித் தொகை சொன்னவர்களில் சிலர் இன்னும் கொடுக்கவில்லை. பெயர் போட மாட்டோம், அவர்களுக்கே தெரியும்.

பணம் முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை அரை நாள் ஒரு பிள்ளையோடு இருக்கப் பெயர் கொடுக்கலாம், பாட்டி சந்தைக்கோ கோயிலுக்கோ போய் வருவார். வண்டி ஓட்ட லைசென்ஸ் உள்ளவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு கோயில் மண்டபத்தில் இருப்பார். ரசீது வாங்காமல் யாரிடமும் காசு கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
செயற்குழுவினர்