தம்பி, நீ ஸ்டெடியாக இருப்பதுதான் எனக்குப் பயம்

தம்பிக்கு,

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முழுசாகப் படிக்காமல் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பேர் போடவில்லை, பயப்படாதே.

போன வாரம் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் உங்கள் செட்டில் ரெண்டு பேர் மட்டை. நீ மட்டும் குவாட்டரை முடித்துவிட்டு வந்து, பந்தியில் சாம்பார் வாளி தூக்கினாய். ஒரு சொட்டு சிந்தவில்லை. "எவ்வளவு ஊத்தினாலும் ஆள் ஸ்டெடிப்பா" என்று மாமா முதுகில் தட்டினார்.

மறுநாள் காலை டீக்கடையில் அதே கை. கிளாஸைத் தூக்கினாய், தளும்பியது. பெஞ்சிலேயே வைத்துவிட்டு, செருப்பைச் சரிசெய்வது மாதிரி குனிந்து ஒரு வாய் உறிஞ்சினாய். "நைட் தூக்கம் இல்லண்ணே" என்றாய். பதினொரு மணியிலிருந்து போனில் மணி பார்த்துக்கொண்டே இருந்தாய். டாஸ்மாக் கடை 12 மணிக்குத்தான் திறக்கும் என்று எனக்கும் தெரியும்.

ராத்திரி ஸ்டெடியாக இருந்ததும் காலையில் நடுங்கியதும் ஒரே கோளாறுதான். சரக்கு மூளையை மந்தமாக்கும். தினமும் ஊற்றினால் மூளையும் சும்மா இருக்காது, ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். முன்பு ஒரு கட்டிங்குக்கே உளறிய நீ இப்போது குவாட்டருக்கும் அசையாதது அதனால்தான். போதை இறங்கிய பிறகும் கூட்டிய வேகம் இறங்காது. நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அதுதான். அப்புறம் அதை அடக்க இன்னொரு கட்டிங்.

ஒரு குவாட்டர்தானே என்பாய். 180 மில்லி, 42.8 சதவீதம், கணக்குப் போட்டால் சுத்த ஆல்கஹால் 60 கிராம். ஒரே உட்காரலில் 60 கிராமைத் தொட்டாலே மிதமிஞ்சிய குடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஈரலோ மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்கும். 11 மணிக்கு முடித்துவிட்டு 6 மணி ஷிப்டுக்கு மெஷின் முன்னால் நிற்கிறாயே, அப்போதும் ரத்தத்தில் மிச்சம் ஓடிக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவில் மார்க் ஷக்கிட் என்ற மனநல மருத்துவர், 1978-ல் தொடங்கி, இருபது வயதுப் பையன்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார். பாதிப் பேர் குடிநோயாளிகளின் பிள்ளைகள். அந்த வயதில் யாருக்குப் போதை குறைவாக ஏறியதோ, அவர்களில்தான் பின்னாளில் அதிகம் பேர் குடிக்கு அடிமையானார்கள். சித்தப்பா தள்ளாடி யாராவது பார்த்திருக்கிறோமா? வயிறு வீங்கிப் படுத்த பிறகுதானே தெரிந்தது.

இதையெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவுதான். உனக்கு 17 வயதில் முதல் பீரை நீட்டியது நான். சட்டப்படி 21 ஆகியிருக்க வேண்டும். என் கல்யாணத்துக்கு முந்தின நாள், அந்த சந்தோஷத்தில் அதெல்லாம் யார் பார்த்தது.

"மாலை போட்டப்ப 48 நாள் தொடலையே" என்பாய். சரி, மாலையைக் கழற்றிய அன்று ராத்திரி எங்கே இருந்தாய்? அதோடு, அப்போது உன் கை நடுங்கவில்லை.

அதனால் ரோஷத்தில் நாளைக்கே ஒரேயடியாக நிறுத்திவிடாதே. நடுக்கம் வரை போனவர்கள் சட்டென்று நிறுத்தினால் ரெண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அடுத்து ஆள் தெரியாத பிதற்றலும் வரலாம். டாக்டர் மாத்திரை கொடுத்து சில நாளில் படிப்படியாகக் குறைப்பார், பி1 வைட்டமினும் தருவார். சித்தியிடம் யாரோ சோற்றில் கலக்கிற மருந்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். அது உள்ளே போனது தெரியாமல் நீ குடித்தால் உயிருக்கே ஆபத்து.

முதலில் யாரிடமாவது பேசிப் பார்க்கலாம் என்றால் அரசாங்கத்தின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

திங்கட்கிழமை எனக்கு லீவு. பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஓபி சீட்டுக்குக் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். ஏழு மணிக்கு வண்டியோடு உன் தெருமுனையில் நிற்கிறேன். டீக்கடை விஷயத்தைச் சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை.

அண்ணன்