500 கிராம் வெயிட் பற்றி: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரி, கடலூர் பக்கம் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடும் பிள்ளைகளின் பெற்றோர் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. "அங்கே டிரிக்கர் செட் பண்ணினால் போட்டியில் வெயிட் தூக்காது" என்கிறார்கள். போட்டியில் 500 கிராம் எடையை டிரிக்கரில் மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள், டிரிக்கர் விடுபடாமல் அதைத் தாங்க வேண்டும். பிஸ்டல் டிரிக்கர் செட் செய்யும் நம் கடையைத்தான் சொல்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். மற்ற எதைச் சொல்லியிருந்தாலும் பேசாமல் இருந்திருப்போம். வெயிட் விஷயத்தில் அப்படி இருக்க முடியவில்லை.

நம் மேசையிலிருந்து போகும் ஒவ்வொரு பிஸ்டலும் 520 கிராமில் செட் ஆகிறது. போட்டி விதிப்படி குறைந்தபட்சம் 500 கிராம். மீதி 20 கிராம் வேண்டுமென்றே விடுகிற இடைவெளி. வாங்கிப் போகும்போது உங்கள் கண்முன்னே 500 கிராம் கட்டையைத் தூக்கிக் காட்டுகிறோம், அட்டையில் எழுதித் தருகிறோம். அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பிறகு ஏன் எடை குறைகிறது? நாங்கள் அதிகம் பார்ப்பது முதல் கட்ட ஸ்பிரிங்கைத் திருகியதால் வருவது. மேட்ச் பிஸ்டலின் டிரிக்கர் இரண்டு கட்டமாக இழுபடும். முதல் கட்டத்தில் 380 கிராம், இரண்டாம் கட்டத்தில் 140 கிராம் என்று வைத்தால் மொத்தம் 520. "முன்னாடி கொஞ்சம் கனமா இருக்கு" என்று வீட்டில் முதல் கட்டத் திருகாணியைக் கால் சுற்று தளர்த்தினாலே மொத்தம் 500-க்குக் கீழே இறங்கிவிடலாம். சுடுகிறவர் விரலில் நிற்கும் அந்த இரண்டாம் கட்டம் மட்டும் முன்பு போலவே இருக்கும். அதனால் மாற்றம் தெரியாது. சோதனை மேசையில்தான் தெரியும்.

அடுத்தது எண்ணெய். டிரிக்கரை இழுக்கும்வரை சுடும் பொறியைப் பிடித்து நிறுத்தும் சிறு பாகம்தான் சியர். நம் ஊர்க் கடல்காற்றில் அதன் முனையில் மெல்லிய துரு படிவது சகஜம், ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் சீக்கிரம் படியும். துரு ஏறினால் உராய்வு கூடி இழுப்பு கனக்கும். உடனே ஸ்ப்ரே எண்ணெயைப் பீய்ச்சினால் உராய்வு சட்டென்று குறைந்து எடையும் இறங்கும். பிறகு அந்த எண்ணெய் தூசியைப் பிடித்து, ஒவ்வொரு இழுப்பும் ஒவ்வொரு மாதிரி ஆகும். சியருக்கு ஊசிமுனை அளவு மாலிப்டினம் கிரீஸ் போதும். காற்று போகும் பகுதிப் பக்கம் சாதாரண எண்ணெய் போகவே கூடாது. 200 பார் அழுத்தக் காற்றோடு எண்ணெய் சேர்வது ஆபத்து, காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் கெடும்.

எமரி தாளால் சியரைத் தேய்க்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சியரின் மேல்தோல் மட்டும் கடினப்படுத்தப்பட்டிருக்கும். அதைத் தேய்த்து எடுத்தால் இரண்டு நாள் வழுவழுப்பாக இருக்கும், பிறகு உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு தேயத் தொடங்கும், எடை ஒரு இடத்தில் நிற்காது. ஸ்பிரிங்கின் சுற்றை வெட்டுவதும் இப்படித்தான். இரண்டையும் திருத்த வழியில்லை, பாகத்தையே மாற்ற வேண்டும்.

வீட்டில் சோதிக்கும் முறையிலும் தவறு நடக்கிறது. ஸ்பிரிங் வைத்த தொங்கு தராசை நம்பாதீர்கள். போட்டியில் வைப்பது ஸ்பிரிங் இல்லாத, கத்திமுனை கொண்ட எடைக்கட்டை. முதலில் பிஸ்டலில் குண்டு இல்லை என்று உறுதி செய்யுங்கள். காற்று ஏற்றி, சுடும் நிலைக்குக் காக் செய்து, பேரலைச் செங்குத்தாகப் பிடித்து, எடையை டிரிக்கரின் நடுவில் மாட்டி, மேசையிலிருந்து மெதுவாகத் தூக்க வேண்டும். வெடுக்கென்று தூக்கினால் 520 கிராம் டிரிக்கரும் விழும், அதாவது விடுபட்டுவிடும். எடை டிரிக்கரின் கீழ்முனைக்கு நழுவினாலும் விழும், ஏனென்றால் அங்கே நெம்பு நீளம் அதிகம். மூன்று முயற்சி உண்டு. போட்டி முடிந்தபின் நடக்கும் சோதனையில் தவறினால் தகுதி நீக்கம்தான். 60 குண்டும் வீண்.

நீங்களே செட் செய்வதானால் வரிசை மாறக்கூடாது. முதலில் விரல் படும் பகுதியான டிரிக்கர் பிளேடின் இடம். அதை முன்பின் நகர்த்தினாலும் சாய்த்தாலும் எடை மாறக்கூடும் என்பதால் இதுதான் முதல் வேலை. அடுத்து முதல் கட்டத்தின் தூரம், பிறகு சியர் பிடிப்பு, அதன்பின் இரண்டு எடைகள், கடைசியில் டிரிக்கர் மேலும் போகாமல் தடுக்கும் டிரிக்கர் ஸ்டாப். ஸ்டாப்பை ஒட்ட வைத்தால் சியர் முழுதாக விலகாமல் சில நேரம் சுடாது, ஒரு மயிரிழை இடம் விடுங்கள். சியர் பிடிப்பை மிகக் குறைத்தால் தட்டினாலே விழும். குண்டில்லாமல் காக் செய்து, பிடியின் அடியை ரப்பர் விரிப்பில் தட்டிப் பாருங்கள். விழுந்தால் அந்தப் பிஸ்டலோடு யாரும் ரேஞ்சில் நிற்கக் கூடாது.

"450-க்கு வையுங்கள், பயிற்சிக்குத்தானே" என்று கேட்டு நாங்கள் மறுத்தவர்களில் சிலருக்கு வருத்தம். இனியும் மறுப்போம். 450-இல் பழகிய விரல் போட்டி நாளில் 500-ஐ இழுக்கும்போது குண்டு எட்டு, ஏழு புள்ளி வளையங்களுக்குப் போகும், பிள்ளை தன்னைத்தானே நொந்துகொள்ளும்.

லைசென்ஸ் கைத்துப்பாக்கிகளின் டிரிக்கரை, குறிப்பாகச் சுத்தியல் இல்லாமல் ஸ்பிரிங்கால் பாயும் ஊசி தோட்டாவைத் தட்டும் ஸ்ட்ரைக்கர் வகையை, மென்மையாக்கித் தரச் சொல்லியும் கேட்கிறார்கள். ஆயுதச் சட்டம் 1959-ன்படி பழுது பார்க்கவே தனி உரிமம் வேண்டும், அது நம்மிடம் இல்லை. அதிலும் ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கை இளக்கினால் ஊசி, தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பிரைமரைப் பலமாகத் தட்டாமல் தோட்டா வெடிக்காமல் போகும். உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் மட்டும் கொடுங்கள்.

இந்தப் பேச்சுக்கெல்லாம் நடுவிலும் பண்ருட்டியிலிருந்தும் நெல்லிக்குப்பத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து, "உங்க கை பட்டாத்தான் சரியா இருக்கும்" என்று பிஸ்டல் பெட்டியை நம்பிக் கொடுக்கிறீர்களே, அதற்கு மனமார்ந்த நன்றி. குழுக்களில் அட்டையைப் படம் எடுத்துப் போட்டு எங்களுக்காகப் பேசிய பெற்றோருக்குத் தனியாக நன்றி. டிரிக்கர் மேசையில் இருந்த தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டதாலும் வெளிநாட்டு உதிரிபாக விலை ஏறியதாலும் அடுத்த மாதம் முதல் செட்டிங் கட்டணம் 600-இலிருந்து 900 ரூபாய், திரும்பக் கிடைக்கப் பத்து நாள் ஆகும்.

முன்பு நம்மிடம் செட் செய்த பிஸ்டல் யாருக்காவது 500-ஐத் தூக்கவில்லை என்றால், திருகாணி எதையும் தொடாமல் அப்படியே கொண்டு வாருங்கள், அட்டையையும் எடுத்து வாருங்கள். எடை பார்ப்பதற்குக் காசு இல்லை. காற்றுச் சிலிண்டரைக் கழற்றித் தனியாக வையுங்கள், தயாரித்துப் பத்து ஆண்டு தாண்டிய சிலிண்டரில் காற்று நிரப்ப மாட்டோம். பேரலில் சேஃப்டி ஃபிளாக் (உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் கொடி) இருக்கட்டும். போட்டிக்கு முந்தின நாள் வராதீர்கள், புது ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்து ஒரு நிலைக்கு வர நாள் பிடிக்கும், அதன்பின் மறுபடி எடை பார்த்தாக வேண்டும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
புதுச்சேரி